சிவப்பு மைப் பட்டியல்: ஹெட்மாஸ்டரும் எந்திரமும்

போன வருசம் எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒரு கல்விக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர்களுக்கான கூட்டம். காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் பள்ளியின் சார்பில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் படம் காட்டிப் பேசிய ஒருவர், செயற்கை நுண்ணறிவு இனிப் பள்ளி நிர்வாகத்தையே மாற்றிவிடும் என்றார். அது கால அட்டவணை போடும். வினாத்தாள் எடுக்கும். விடைத்தாள் திருத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தும், எந்தப் பிள்ளை தேர்வில் தவறும் என்பதை முன்கூட்டியே கணித்து ஹெட்மாஸ்டர் கையில் பட்டியலாகக் கொடுத்துவிடும். கூட்டம் கைதட்டியது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குனிந்து என் காதில் சொன்னார்: "இதுக்கு எதுக்கு தம்பி மெஷினு? அட்டெண்டன்ஸ்ல பேரைப் பாத்தே எது தேறும், எது தேறாதுன்னு சொல்ற ஹெட்மாஸ்டருங்களை நான் சர்வீஸ் முழுக்கப் பாத்திருக்கேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு பட்டியலில் நானும் இருந்திருக்கிறேன்.

1

2004ஆம் வருசம். நான் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஹெட்மாஸ்டர் மார்க் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்பு மையில் சில பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டார். பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் காலனிப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும். நாங்கள் இருந்தால் காட்ட முடியாது. அப்பா அம்மாவை அழைத்துவரச் சொன்னார்கள். "ஒங்க புள்ளைக்குப் படிப்பு ஏறல. டிசி வாங்கினு போயி ஏதாச்சும் தொழில் கத்துக்கச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் ஒரே வாசகம். எங்கப்பா கைகட்டி நின்று "சரிங்க சார்" என்றார். எங்கம்மா சரி சொல்லவில்லை. ஆபீஸ் ரூம் வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கவில்லை. அதனால் எனக்கு டிசி எழுதப்படவில்லை. பத்தாவது தேறினேன். பிறகு எம்.ஏ. தமிழ் வரைக்கும் வந்தேன்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனுடைய அம்மா அன்றைக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். வாசப்படியில் உட்கார ஆளில்லை. டிசியை வாங்கிக்கொண்டு பெங்களூருக்குச் சென்டரிங் வேலைக்குப் போனான். அவன் படிக்கமாட்டான் என்று தான் சொன்னது பலித்துவிட்டதாக ஹெட்மாஸ்டர் நினைத்திருப்பார். பலிக்க வைத்தது அவர் கொடுத்த டிசி.

இந்தக் கட்டுரையில் நான் பேச வருவது இதைத்தான். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அதன் பழைய கணக்கைக் கொண்டு முடிவுசெய்யும் பழக்கம் எந்திரத்தோடு பிறந்ததல்ல. எந்திரம் அதை வாரிசாகப் பெறுகிறது.

2

பள்ளிக்கூடத்தை எந்திரமாக்கிப் பார்த்த கதை ஒன்று நம்முடைய சென்னையிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான விடுதி அது. வாத்தியார்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. வெளியே இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் முறையைத் தன் விடுதியில் புகுத்தினார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் அது. 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1832இல் பெல் சாகும்போது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் அந்த முறை இருந்ததாகச் சொல்வார்கள்.

பாராட்டியவர்கள் அதை நீராவி எந்திரத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு கொஞ்சம். யாருடைய பிள்ளைகளுக்கு இந்த எந்திரம்? ஏழைகளின் பிள்ளைகளுக்கு. பிரபுக்களின் பிள்ளைகளுக்கு வழக்கம்போல வாத்தியார்கள் இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லித்தரத் தேவையில்லை என்று பெல்லே பிற்பாடு எழுதினார். இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். எந்திரம் பாடம் நடத்தும் என்கிறார்களே, எந்தப் பள்ளியில் வாத்தியாருக்குப் பதிலாக வரும், எந்தப் பள்ளியில் வாத்தியாருக்குத் துணையாக வரும்?

இதில் இன்னொன்றும் உண்டு. பெல் கடன் வாங்கிய அந்தத் திண்ணையில் நம் பாட்டன்மார்கள் ஏற முடிந்ததில்லை. இந்த மண்ணின் படிப்பு முறை கடல் தாண்டிப் போனது. சேரிக்குள் வரவில்லை.

3

பள்ளிக்கூடத்தைப் பற்றிய பெரிய புள்ளிவிவரமும் சென்னை மாகாணத்தில்தான் முதலில் எடுக்கப்பட்டவற்றுள் ஒன்று. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முஸ்லிம் என்று கட்டம் போட்டுக் கணக்கு. 1983இல் தரம்பால் இந்தக் கணக்கை எடுத்துப் பதிப்பித்து, வெள்ளைக்காரன் வருமுன் இங்கே எல்லோரும் படித்தார்கள் என்ற வாதத்துக்கு வழிவகுத்தார். சூத்திரர் எண்ணிக்கை அதில் அதிகம்தான். மறுக்கவில்லை. ஆனால் நாம் எங்கே? பறையர் என்றோ பள்ளர் என்றோ சக்கிலியர் என்றோ அந்த அட்டவணையில் தனிக் கட்டம் கிடையாது. 'மற்ற சாதியார்' என்ற கட்டத்தில் யார் யார் என்று அட்டவணை சொல்லாது.

எந்தக் கணக்கிலும் கட்டம் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான். எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை அவன்தான் முடிவுசெய்கிறான். எண்கள் வந்தபிறகு அந்த ஆளை யாரும் கேட்பதில்லை.

4

நம்முடைய முன்னோடிகளின் பள்ளிக்கூடக் கணக்கை எடுத்து இன்றைய எந்திரத்தில் போட்டால் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்ததைத் தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாராவது சினேகமாகிவிட்டால் ஊர் எது, இருப்பிடம் எது என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் வெளியிலேயே இருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். இதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவார்கள்? தாமதமாக வருபவர், யாரோடும் சேராதவர் என்றுதான். அபாயப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும்.

அம்பேத்கர் சாத்தாராவில் படித்தபோது உட்காரச் சாக்குத் துணியைத் தானே கொண்டுபோனார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவர் வாங்கியது 750க்கு 282 மார்க். இந்த மார்க்கை மட்டும் பார்க்கும் எந்த எந்திரமும், கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் போய் டாக்டர் பட்டம் வாங்கும் பிள்ளை இது என்று சொல்லியிருக்காது. தாகத்துக்குக் கட்டம் போட்டால்தானே அதற்குத் தெரியும்? தண்ணீர் கொடுக்காத பள்ளிக்கு யாரும் மார்க் போட்டதில்லை.

5

இந்தக் கணக்கை உடைத்தவர்கள் எந்தப் புள்ளிவிவரத்தையும் நம்பி வேலை செய்யவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசர் அவரோடு தொடர்பில் இருந்து இயங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை இருபத்தைந்து பிள்ளைகளோடு தொடங்கினார். நந்தனை வெளியே நிறுத்திய அதே ஊரில்.

1920க்குப் பிறகு லேபர் கமிஷனரின் கீழ் சேரிகளில் பள்ளிகள் வந்தன. எங்க ஊர்க் கிழவர்கள் இன்றும் 'லேபர் ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். அதன் வாரிசுகள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். பல இடங்களில் ஒரே வாத்தியார். அவரேதான் ஹெட்மாஸ்டர். காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் தெருவில் இறங்கி வீடு வீடாகப் பிள்ளைகளைக் கூட்டி வருவார். மாடு மேய்க்கப் போன பிள்ளைக்காகப் பண்ணைக்காரனிடம் போய் வாதாடுவார். எந்தப் பிள்ளை வராது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த வீட்டுக்கு முதலில் போனார். எனக்கு வட்டம் போட்ட ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்ததும் இவருக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். தெரிந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

6

இனி இன்றைய எந்திரத்துக்கு வருவோம். பெல் பிறந்த அதே ஸ்காட்லாந்தில் 2020இல் நடந்தது இது. கொரோனாவால் தேர்வு நடத்த முடியவில்லை. வாத்தியார்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீடு கொடுத்தார்கள். தேர்வு வாரியம் அதை அப்படியே ஏற்கவில்லை. அந்தந்தப் பள்ளி முந்தைய வருசங்களில் வாங்கிய மார்க்கை வைத்து ஒரு கணக்குச் சூத்திரத்தால் வெட்டியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி முடிவு வந்தபோது சுமார் 1,24,000 மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. 'ஹையர்' என்ற மேல்நிலைத் தேர்வில், மிக ஏழ்மையான பகுதிப் பிள்ளைகளின் தேர்ச்சி விகிதம் வாத்தியார்கள் சொன்னதிலிருந்து 15.2 புள்ளி இறங்கியது. வசதியான பகுதியில் 6.9 புள்ளிதான். பிள்ளைகள் கிளாஸ்கோவில் தெருவுக்கு வந்தார்கள். என் உழைப்பைப் பார், என் ஏரியாவைப் பார்க்காதே என்ற பொருளில் அட்டை பிடித்தார்கள். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 11ஆம் தேதி, அரசாங்கம் பின்வாங்கியது. இங்கிலாந்திலும் அதே கூத்து நடந்து ஆகஸ்ட் 17இல் திரும்பப் பெறப்பட்டது. அங்கே ஒரு பாடத்தில் மிகக் குறைவான பிள்ளைகள் இருந்தால் வாத்தியார் சொன்ன மதிப்பெண்ணே நின்றது. சின்ன வகுப்புகள் எங்கே இருக்கும்? பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியில். கொழுத்தது அவர்கள்தான்.

அதைச் செயற்கை நுண்ணறிவு என்று சொல்ல முடியாது, வெறும் சூத்திரம்தான் என்று சிலர் சொல்லலாம். சரி. ஆனால் இரண்டும் நம்புவது ஒன்றைத்தான். உனக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் எப்படியோ, நீயும் அப்படித்தான். இதை நாம் வேறு பெயரில் ரொம்ப காலமாகக் கேட்டுவருகிறோம். தோழர்களே, ஏரியாவைப் பார்க்காதே என்ற அந்த அட்டையை ஊர், சேரி என்று பிரிந்த இந்த மண்ணில் பிடிக்க நமக்கு அவர்களைவிட அதிக உரிமை இருக்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உண்மையான கற்கும் எந்திரமே இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் மார்க், வருகை, இனம், வீட்டு வருமானம் எல்லாம் போட்டு, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆபத்து யாருக்கு என்று பள்ளி நிர்வாகங்களுக்குப் பட்டியல் கொடுத்தது. பத்தாண்டு கழித்து, 2023இல் 'தி மார்க்அப்' என்ற செய்தி நிறுவனம் விசாரித்தது. முடிக்கமாட்டார் என்று எந்திரம் சொன்னவற்றில் நான்கில் ஏறக்குறைய மூன்று பொய்த்தன. கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளைப் பற்றிய பொய் எச்சரிக்கை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஆனதைவிட மிக அதிகம். அதே வருசம் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இன்னொன்றும் காட்டினார்கள். அந்தப் பட்டியலால் பிள்ளைகள் படிப்பை முடிப்பது கூடியதாகத் தெரியவில்லை. ஆபத்து ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. பெரும்பாலும் அது பிள்ளை படிக்கும் பள்ளியைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்தக் கடைசிச் செய்தியை நம் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும். பிள்ளையை எதற்குத் தனித்தனியாகக் கணிக்க வேண்டும்? பள்ளியைக் கணி. எந்தப் பள்ளியிலிருந்து எங்கள் பிள்ளைகள் தொடர்ந்து வெளியேறுகிறார்கள், எந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் டிசி அதிகமாகப் போகிறது, எந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வருசக்கணக்காக இல்லை என்று எந்திரத்தைக் கேள். அந்தப் பட்டியலை ஹெட்மாஸ்டரிடம் கொடுக்காதே, பெற்றோரிடம் கொடு.

7

இது எங்கோ வெளிநாட்டுச் சங்கதி அல்ல. பக்கத்து ஆந்திராவில் அரசாங்கமும் மைக்ரோசாப்ட் கம்பெனியும் சேர்ந்து, பள்ளியை விட்டு நிற்கப்போகும் பிள்ளைகளைக் கணிக்கும் வேலையை 2018 வாக்கிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் ஏறிக் கிடக்கிறது. அதை நிரப்புவதிலேயே ஹெட்மாஸ்டர்களின் பாதி நாள் போகிறது. இதன்மேல் கணிக்கும் எந்திரம் ஒன்று வந்து உட்கார அதிக நாள் ஆகாது.

அப்போது எந்திரத்தின் கண்ணுக்கு எது தெரியும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு தலித் மாணவன் சில நாள் பள்ளிக்கு வரவில்லை. பதிவேட்டில் ஆப்சென்ட். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டபோதுதான் சக மாணவர்கள் செய்த சாதிக் கொடுமை வெளியே வந்தது. அதற்குப் பழிவாங்க வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பிள்ளை அதற்கடுத்த வருசம் பிளஸ் டூ எழுதித் தேறினான். ஆப்சென்ட் என்ற சொல்லுக்குள் இவ்வளவு இருந்தது. எந்திரம் அந்தச் சொல்லைத்தான் படிக்கும். ஏன் என்று கேட்பதற்கு ஒரு மனுசன் வேண்டும். கேட்டபிறகு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும் தெம்பும் அந்த மனுசனுக்கு வேண்டும்.

அந்த மனுசன் யார்? இதை ஒட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்றது. அந்தந்தப் பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அதிகாரியாகவும் தலைமையாசிரியராகவும் போடக் கூடாது என்றும் சொன்னது. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது சாதிப் பிரச்சினை என்று ஓர் அரசுக் குழு எழுதியதே பெரிது. ஆனால் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எடுத்துவிட்டால் எந்திரத்துக்குச் சாதி தெரியாமல் போய்விடாது. தெருப் பெயர் இருக்கிறது. அப்பா தொழில் இருக்கிறது. வாங்கும் உதவித்தொகை இருக்கிறது. நம்ம ஊர்க்காரன் பேரைக் கேட்காமலேயே சாதியைக் கண்டுபிடிப்பதில்லையா? எந்திரமும் கற்றுக்கொள்ளும்.

8

எந்திரத்தை உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாலைப் பள்ளியில் ஒரு பெண் பிள்ளை ராத்திரி பத்து மணிக்குப் போனில் அறிவியல் சந்தேகம் கேட்கிறாள். அது தமிழில் பதில் சொல்கிறது. சில நேரம் தப்பாகவும் சொல்கிறது. ஆனால் "இதுகூடத் தெரியாதா ஒனக்கு" என்று கேட்பதில்லை. வீட்டில் படித்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

நாம் கேட்க வேண்டியது இதுதான். எந்திரம் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னதை அந்தப் பிள்ளையும் பெற்றோரும் பார்க்க முடிய வேண்டும். எதை வைத்துச் சொன்னது என்று அவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். மறுத்துப் பேச ஓர் இடம் வேண்டும். அந்தப் பட்டியலைக் காட்டி எந்தப் பிள்ளைக்கும் டிசி கொடுக்கக் கூடாது. தப்பாகப் போனால் "கம்ப்யூட்டர் சொல்லிச்சு" என்று எந்த ஹெட்மாஸ்டரும் கைகழுவக் கூடாது. 2004இல் எங்கம்மாவுக்கு உட்கார ஒரு வாசப்படியாவது இருந்தது. எந்திரத்துக்கு வாசப்படி கிடையாது. அதனால்தான் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்கிறேன்.

டிசி வாங்கிக்கொண்டு போனானே என் சிநேகிதன், அவனுடைய மகள் இப்போது ஆறாம் வகுப்பு. மாலைப் பள்ளிக்கு வருகிறாள். அப்பனைப் போலவே கணக்கில் புலி. போன மாசம் அவளுடைய விண்ணப்பப் படிவம் ஒன்றை நான்தான் நிரப்பினேன். தந்தையின் படிப்பு: ஒன்பதாம் வகுப்பு. தொழில்: கூலி. முகவரி: காலனி. அம்மா கரும்பு வெட்டப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிடுகிறாள். வருகைப் பதிவிலும் ஓட்டை. எந்த எந்திரத்தில் போட்டாலும் அவள் பெயர் சிவப்பில்தான் வரும். 'ஒன்பதாம் வகுப்பு' என்று எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. அந்தச் சொல்லை முதலில் எழுதியது நானல்ல, அவள் அப்பனும் அல்ல. அந்தச் சிவப்புப் பேனா எழுதியது. இருபது வருசம் கழித்து அது அவளுக்கு எதிரான சாட்சியாக மாறி நிற்கிறது.

இதைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பட்டியல் வந்தா வரட்டும் தம்பி. அதைக் கையில வாங்கினதும் ஹெட்மாஸ்டர் டிசி புக்கை எடுக்கறாரா, செருப்பை மாட்டிக்கினு அந்தப் புள்ள வூட்டுக்குக் கிளம்பறாரா, அதைப் பாரு."